ஸ்னைப்பர் ரைபிள் வாங்குவது ஏன் இவ்வளவு சிக்கல்? முதல் கேள்வி துப்பாக்கி இல்ல... தோட்டா!

2018 பிப்ரவரி 13. ராணுவத்துக்கும் விமானப்படைக்கும் சேர்த்து 5,719 ஸ்னைப்பர் ரைபிள்கள் வாங்க பாதுகாப்புத் தளவாடக் கொள்முதல் கவுன்சில் ஒப்புதல் கொடுத்தது. மதிப்பு 982 கோடி ரூபாய். சும்மா வகுத்துப் பார்த்தால்கூட ஒரு ரைபிளுக்கு சுமார் 17 லட்சம் ரூபாய் வருகிறது.

அடுத்த ஆண்டே அந்த டெண்டர் ரத்தானது. வெளிநாட்டு நிறுவனங்கள் பல போட்டியில் இருந்தும், ராணுவம் கேட்ட நிபந்தனைகள் அத்தனையையும் யாராலும் பூர்த்தி செய்ய முடியவில்லை என்று அப்போது செய்திகள் வெளியாகின.

உலகம் முழுக்க ரைபிள் தயாரிக்கிறார்கள். காசும் இருக்கிறது. பிறகு என்ன பிரச்னை? நெடுந்தூரம் சுடும் ரைபிள் என்பது ஒற்றைப் பொருள் இல்லை. தோட்டா, துப்பாக்கி, ஸ்கோப், சுடுபவர் என நான்கும் சேர்ந்தால்தான் அது ஆயுதம். இதில் எதை முதலில் தேர்வு செய்ய வேண்டும் என்பதில்தான் விஷயமே இருக்கிறது.

சுருக்கமாகச் சொன்னால்:

• எவ்வளவு தூரம் என்பதை முதலில் முடிவு செய்ய வேண்டும். அதுதான் தோட்டாவைத் தீர்மானிக்கும்.
• தோட்டா முடிவானால் துப்பாக்கியின் எடை, நீளம், உதைப்பு எல்லாம் தானாக முடிவாகிவிடும்.
• நல்ல ஸ்கோப்பும் தொடர்ந்து கிடைக்கும் தோட்டாவும் இல்லாவிட்டால் 17 லட்சம் ரூபாய் ரைபிளும் சும்மாதான்.

டிராகுனோவ் இருக்கும்போது புதுசு எதுக்கு?

இந்திய ராணுவம் பல ஆண்டுகளாகக் கையில் வைத்திருப்பது டிராகுனோவ். சோவியத் ராணுவம் 1963-ல் ஏற்றுக்கொண்ட ரைபிள் இது. பத்து தோட்டா மேகசின். ஒவ்வொரு முறை விசையை இழுக்கும்போதும் அடுத்த தோட்டா தானாக ஏறிக்கொள்ளும். ஸ்கோப்போடு சேர்த்தே நான்கரை கிலோவுக்குள்தான் எடை.

ஒரு விஷயத்தை இங்கே கவனிக்க வேண்டும். டிராகுனோவ் தனியாகப் பதுங்கியிருந்து சுடும் ஸ்னைப்பருக்காக மட்டும் பிறந்தது இல்லை. காலாட்படைக் குழுவோடு கூடவே ஓடி, மற்றவர்களின் துப்பாக்கி எட்டாத தூரத்தில் இருக்கும் இலக்கைச் சுடும் வீரருக்காக வடிவமைக்கப்பட்டது. அந்த வேலையை அது இன்றும் நன்றாகவே செய்கிறது. அதன் பயன்பாட்டுத் தூரம் சுமார் 800 மீட்டர். கூடவே வரும் ஸ்கோப் 4 மடங்கு மட்டுமே பெரிதாக்கிக் காட்டும்.

அது சுடும் 7.62x54 மி.மீ. தோட்டா இன்னும் பழசு. 1891-ல் ரஷ்யப் படையில் சேர்ந்தது. எல்லைக் கட்டுப்பாட்டுக் கோட்டில் பள்ளத்தாக்கின் இந்தப் பக்கம் ஒரு நிலை, அந்தப் பக்கம் ஒரு நிலை என்றிருக்கும் இடங்களில் 800 மீட்டர் போதாமல் போனது. 2018, 2019-ல் எல்லையில் துப்பாக்கிச்சூடு அதிகரித்தபோது இந்தக் குறை பெரிதாகப் பேசப்பட்டது.

அமெரிக்காவுக்கும் இதே அனுபவம்தான். அவர்களுடைய எம்24 ரைபிளும் சுமார் 800 மீட்டர் வரைக்குமானது. ஆப்கானிஸ்தான் மலைகளில் அது பற்றவில்லை. உடனே முழுசாகப் புது ரைபிளுக்குப் போகவில்லை. எம்24-ன் உட்பகுதி நீளமான தோட்டாவையும் ஏற்கும் அளவில் முன்பே செய்யப்பட்டிருந்தது. அதையே அடிப்படையாக வைத்து, பெரிய .300 வின்செஸ்டர் மேக்னம் தோட்டாவுக்கு மாற்றி எம்2010 என்ற பெயரில் கொண்டுவந்தார்கள். எட்டும் தூரம் 1,200 மீட்டர் ஆனது. தூரத்தைக் கூட்டிக் கொடுத்தது தோட்டாதான்.

தூரத்துக்கு எல்லை எங்கே இருக்கு?

'இந்த ரைபிள் 2 கி.மீ. சுடும்' என்று சொல்வதில் பாதி உண்மைதான். எந்தத் தோட்டாவும் 2 கி.மீ. பறக்கும். சொன்ன இடத்தில் போய் விழுமா என்பதுதான் கேள்வி.

ரைபிள் தோட்டா ஒலியைவிட வேகமாகக் கிளம்புகிறது. ஒலியின் வேகம் விநாடிக்குச் சுமார் 340 மீட்டர். ரைபிள் தோட்டா 800, 900 மீட்டர் வேகத்தில் புறப்படும். போகப் போக காற்று அதைத் தடுத்துத் தடுத்து வேகத்தைக் குறைக்கும். ஒலி வேகத்தை நெருங்கும் இடத்தில் தோட்டாவைச் சுற்றியுள்ள காற்றழுத்தம் மாறி, அது லேசாகத் தள்ளாட ஆரம்பிக்கும். அதற்குப் பிறகு எங்கே போகும் என்று கணிப்பது கடினம்.

அதனால் ஒரு தோட்டாவின் நம்பகமான எல்லை என்பது ஏறக்குறைய அது ஒலி வேகத்துக்கு மேல் பறக்கும் தூரம்தான். இந்தக் கணக்கை வைத்துப் பார்த்தால் தேர்வு எளிதாகிவிடும்.

எந்தத் தோட்டா எதுக்கு?

1. 7.62x51 மி.மீ. (.308 வின்செஸ்டர்): நேட்டோ நாடுகளின் வழக்கமான தோட்டா. 800 முதல் 900 மீட்டர் வரை நம்பலாம். உதைப்பு குறைவு, விலை குறைவு, எங்கும் கிடைக்கும். பயிற்சிக்கு இதை விட்டால் ஆள் இல்லை. குறை என்னவென்றால் காற்று இதை எளிதாகத் தள்ளிவிடும். மணிக்கு 16 கி.மீ. வேகத்தில் பக்கவாட்டில் காற்று அடித்தால், 1,000 மீட்டரில் இரண்டரை மீட்டருக்கு மேல் விலகிவிடும்.

2. .338 லபுவா மேக்னம்: 1980-களில் நெடுந்தூர ஸ்னைப்பர்களுக்காகவே உருவாக்கப்பட்டது. பின்லாந்தின் லபுவா நிறுவனம் இதை முழுமைப்படுத்தியது. சுமார் 16 கிராம் எடையுள்ள குண்டு விநாடிக்கு 900 மீட்டர் வேகத்தில் கிளம்பும். ஆற்றல் .308-ஐப் போல கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. 1,300 மீட்டரைத் தாண்டியும் ஒலி வேகத்துக்கு மேல் இருக்கும். அதே 16 கி.மீ. காற்றில் 1,000 மீட்டரில் விலகல் 2 மீட்டருக்குள்தான். 2018-ல் இந்திய ராணுவம் கேட்டதும் இந்த அளவைத்தான்.

3. .50 பிஎம்ஜி (12.7x99 மி.மீ.): முதலில் கனரக இயந்திரத் துப்பாக்கிக்காக வந்தது. குண்டே 40 கிராமுக்கு மேல். வாகன இன்ஜின், ரேடார், தகவல் தொடர்புக் கருவி போன்ற தளவாடங்களை உடைப்பது இதன் முக்கிய வேலை. அதனால்தான் 'ஆன்ட்டி மெட்டீரியல் ரைபிள்' என்கிறார்கள். தூரம் அதிகம் என்றாலும், சின்ன இலக்கில் துல்லியம் என்று வந்தால் நல்ல .338 ரைபிளுக்கு இது ஈடாகவே இருக்கும் என்று சொல்ல முடியாது.

இந்த மூன்றையும் பார்த்துவிட்டு 'பெருசுதான் பெஸ்ட்' என்று முடிவெடுத்தால் மாட்டிக்கொள்ள வேண்டியதுதான். பெரிய தோட்டா என்றால் பெரிய உதைப்பு. உதைப்புக்குப் பயந்து வீரர் விசையைச் சடக்கென்று இழுத்தால் குறி போச்சு. துப்பாக்கிக் குழலும் சீக்கிரம் தேயும். துல்லியமான .338 தோட்டா ஒன்றுக்கே சில நூறு ரூபாய் ஆகும் என்பதால் பயிற்சிக்குக் கொடுக்கிற தோட்டாவின் எண்ணிக்கையும் குறையும். பயிற்சி குறைந்தால் மற்றது எல்லாம் இருந்தும் பலன் இல்லை.

துப்பாக்கியில் என்ன பார்க்கணும்?

முதலில் போல்ட் ஆக்‌ஷனா, செமி ஆட்டோமேட்டிக்கா என்பது. போல்ட் வகையில் ஒவ்வொரு முறையும் கையால் இழுத்துத் தோட்டா ஏற்ற வேண்டும். மெதுவானது. ஆனால் சுடும் நொடியில் உள்ளே அசையும் பாகங்கள் குறைவு. துல்லியம் கிடைக்கும், பனியிலும் தூசியிலும் மக்கர் பண்ணுவதும் குறைவு. ஆயிரம் மீட்டருக்கு மேல் என்றால் பெரும்பாலான படைகள் போல்ட் பக்கமே சாய்கின்றன.

அடுத்தது துல்லியத்தின் அளவு. இதை 'எம்ஓஏ' என்ற கோண அளவில் சொல்வார்கள். 1 எம்ஓஏ துப்பாக்கி என்றால் 100 மீட்டரில் சுடும் குண்டுகள் எல்லாம் சுமார் 3 செ.மீ. வட்டத்துக்குள் விழும். அதே துப்பாக்கிக்கு 1,000 மீட்டரில் அந்த வட்டம் 29 செ.மீ. ஆகிவிடும். ஒரு சாப்பாட்டுத் தட்டு அளவு. 2 எம்ஓஏ என்றால் அதைப் போல இரண்டு மடங்கு. சுடுபவர் எவ்வளவு திறமைசாலியாக இருந்தாலும் துப்பாக்கியும் தோட்டாவும் போடும் இந்த வட்டத்தைச் சுருக்க முடியாது.

மூன்றாவது எடை. ஸ்கோப், தாங்குகால், தோட்டா எல்லாம் சேர்த்து ஒரு .338 ரைபிள் 7, 8 கிலோவைத் தொடும். .50 ரைபிள் 10 கிலோவைத் தாண்டும். எடை கூடினால் உதைப்பு குறையும், சுட வசதி. ஆனால் 12,000 அடி உயரத்தில் பனியில் அதைத் தூக்கிக்கொண்டு ஏறுபவருக்குத்தான் அந்த வசதியின் விலை தெரியும்.

அமெரிக்கா இப்போது வேறு வழியில் போகிறது. 2021-ல் பேரட் நிறுவனத்துடன் எம்கே22 ரைபிளுக்கு ஒப்பந்தம் போட்டது. ஒரே ரைபிள், மாற்றிக்கொள்ள மூன்று குழல்கள். 7.62 மி.மீ., .300 நார்மா மேக்னம், .338 நார்மா மேக்னம் என எது வேண்டுமோ அதை மாட்டிக்கொள்ளலாம். விலை குறைந்த 7.62-ல் பயிற்சி, பெரிய தோட்டாவில் பணி. பயிற்சிச் செலவு, தூரம் இரண்டுக்கும் ஒரே பதில்.

ஸ்கோப்: எல்லோரும் கடைசியா யோசிக்கிற விஷயம்

ஸ்கோப் என்றாலே 'எத்தனை மடங்கு பெரிதாக்கும்' என்றுதான் கேட்பார்கள். அது முக்கியம்தான். ஆனால் அதைவிட முக்கியமான கேள்வி ஒன்று இருக்கிறது: எவ்வளவு தூரம் மேலே திருப்ப முடியும்?

தோட்டா நேர்க்கோட்டில் போவதில்லை. புவியீர்ப்பு இழுப்பதால் வளைந்து கீழே இறங்கும். 100 மீட்டருக்குச் சரி செய்த .308 ரைபிளை 1,000 மீட்டரில் அப்படியே சுட்டால் குண்டு 10 மீட்டருக்கும் மேல் கீழே இருக்கும். மூன்று மாடிக் கட்டடத்தின் உயரம். .338 என்றால் 7, 8 மீட்டர். 1,500 மீட்டருக்குப் போனால் .338-க்கே அந்த இறக்கம் 20 மீட்டரைத் தாண்டிவிடும்.

இந்த இறக்கத்தை ஈடுகட்ட ஸ்கோப்பின் மேல் இருக்கும் திருகை 'கிளிக், கிளிக்' என்று திருப்ப வேண்டும். வழக்கமாக ஒரு கிளிக் என்பது 100 மீட்டரில் 1 செ.மீ., 1,000 மீட்டரில் 10 செ.மீ. அப்படின்னா 8 மீட்டரை ஈடுகட்ட 80 கிளிக். அத்தனை கிளிக்குக்கு இடம் இல்லாத ஸ்கோப்பை மாட்டினால், 1,500 மீட்டர் சுடக்கூடிய ரைபிள் 900 மீட்டர் ரைபிளாகிவிடும். திருப்பும் ஒவ்வொரு கிளிக்கும் சொன்ன அளவுக்குச் சரியாக நகர வேண்டும். திருப்பிப் பழைய இடத்துக்குக் கொண்டுவந்தால் அதே புள்ளியில் நிற்க வேண்டும். விலை குறைந்த ஸ்கோப்புகள் தோற்பது இந்த இடத்தில்தான்.

பெரிதாக்கும் அளவைப் பொறுத்தவரை 5 முதல் 25 மடங்கு, 56 மி.மீ. முன் கண்ணாடி என்பது இன்று பல படைகளின் தேர்வு. பிரிட்டன் .338 லபுவாவுக்கு மாறியபோது அதன் எல்115ஏ3 ரைபிளில் வைத்தது ஜெர்மனியின் ஷ்மிட் அண்ட் பெண்டர் 5-25x56. அமெரிக்க ராணுவம் எம்கே22-க்குத் தேர்வு செய்த லூபோல்டு ஸ்கோப்பும் 5-25x56 தான். 25 மடங்கு இருந்தும் மதிய வெயிலில் அதை முழுசாகப் பயன்படுத்த முடியாது. தார்ச்சாலையில் கானல் தெரிவது மாதிரி ஸ்கோப்புக்குள் எல்லாம் அலையடிக்கும். அப்போது 12, 15 மடங்குக்கு இறங்கினால்தான் இலக்கு தெளிவாகத் தெரியும்.

இப்படியான ஸ்கோப்பின் விலையே சில லட்சம் ரூபாய். இதோடு தூரம் அளக்கும் லேசர் கருவி, காற்றளவி, கணக்குப் போட பாலிஸ்டிக் கால்குலேட்டர், இரவுக்குத் தெர்மல் கருவி. இதெல்லாம் சேர்ந்ததுதான் 'ஒரு ரைபிள்'.

லடாக்கில் ஒரு கணக்கு... ராஜஸ்தானில் வேறு கணக்கு

இந்தியாவுக்கு இருக்கும் தனிச் சவால் இதுதான். 14,000 அடி உயரத்தில் காற்றின் அடர்த்தி கடல் மட்டத்தில் இருப்பதில் மூன்றில் இரண்டு பங்குதான். தடுக்கும் காற்று குறைவு என்பதால் தோட்டா இன்னும் தூரம் போகும், குறைவாக இறங்கும். ஆனால் கடும் குளிரில் தோட்டாவுக்குள் இருக்கும் வெடிமருந்து மெதுவாக எரிந்து, புறப்படும் வேகம் குறையும். ராஜஸ்தான் வெயிலில் இது அப்படியே தலைகீழ்.

அதே ரைபிள், அதே தோட்டா, அதே வீரர். சமவெளியில் போட்ட கணக்கை லடாக்கில் வைத்தால் 1,000 மீட்டரில் குறி தவறும். அதனால்தான் ராணுவச் சோதனைகள் பாலைவனம், மலை, கோடை, குளிர் என நீள்கின்றன. கொள்முதல் தாமதமாக இதுவும் ஒரு காரணம்.

சரி, இந்தியா கடைசியில் என்ன வாங்கியது?

பெரிய டெண்டருக்குக் காத்திருக்காமல், 2019-ல் வடக்குப் பிராந்தியத்துக்காகக் குறைந்த எண்ணிக்கையில் இரண்டு வகை ரைபிள்கள் வந்தன. ஒன்று அமெரிக்காவின் பேரட் எம்95 (.50 பிஎம்ஜி). இன்னொன்று இத்தாலியின் பெரெட்டா ஸ்கார்பியோ டிஜிடி (.338 லபுவா மேக்னம்). தளவாடத்துக்கு ஒன்று, நெடுந்தூரத் துல்லியத்துக்கு ஒன்று என்று வேலையைப் பிரித்த தேர்வு அது. 2022-ல் பின்லாந்தின் சாகோ டிஆர்ஜி-42 எல்லையில் பயன்பாட்டுக்கு வரத் தொடங்கியது. அதுவும் .338 லபுவாதான்.

ஆக, ரைபிள்கள் இத்தாலியிலிருந்தும் பின்லாந்திலிருந்தும் வந்தாலும் தோட்டா அளவு மாறவில்லை. இது நல்ல விஷயம். களத்தில் வேறு வேறு ரைபிள் இருந்தாலும் சப்ளைக்கு ஒரே தோட்டா போதும்.

பிரச்னை அந்தத் தோட்டா எங்கிருந்து வருகிறது என்பதில். 2018-ல் ஒப்புதல் கொடுத்தபோதே அரசு ஒன்றைத் தெளிவாகச் சொல்லியிருந்தது. ரைபிளை உலகச் சந்தையில் வாங்கலாம், தோட்டாவை முதலில் வாங்கிப் பிறகு இந்தியாவிலேயே தயாரிக்க வேண்டும் என்பதே அது. காரணம் எளிது. ஒரு ரைபிளை ஒருமுறை வாங்கினால் போதும். தோட்டாவை ஒவ்வொரு ஆண்டும் வாங்க வேண்டும். போர் என்று வந்தால் விற்பவர் நாடு கொடுக்குமா என்ற கேள்வியும் கூடவே வரும்.

துல்லியத் தோட்டா தயாரிப்பது சாதாரணத் தோட்டா அடிப்பது மாதிரி இல்லை. ஒவ்வொன்றிலும் மருந்தின் அளவு, குண்டின் எடை, வடிவம் எல்லாம் மயிரிழை பிசகாமல் இருக்க வேண்டும். புறப்படும் வேகத்தில் சில மீட்டர் வித்தியாசம் வந்தாலே 1,500 மீட்டரில் குண்டு மேலும் கீழுமாகப் போகும்.

உள்ளூர் முயற்சிகளும் நடக்கின்றன. பெங்களூருவைச் சேர்ந்த எஸ்எஸ்எஸ் டிஃபென்ஸ் நிறுவனம் 'சேபர்' என்ற .338 லபுவா ரைபிளை உருவாக்கியது. இந்த ரைபிளை நட்பு நாடு ஒன்றுக்கு ஏற்றுமதி செய்யும் ஆர்டர் கிடைத்ததாக 2024-ல் செய்திகள் வந்தன. ஸ்னைப்பர் ரைபிளை இறக்குமதி செய்துவந்த நாட்டுக்கு இது முக்கியமான திருப்பம்.

தமிழ்நாட்டுக்கும் இதில் பங்கு உண்டு. திருச்சி துப்பாக்கித் தொழிற்சாலை தயாரிக்கும் 'வித்வன்சக்' ஆன்ட்டி மெட்டீரியல் ரைபிள் 12.7 மி.மீ., 14.5 மி.மீ., 20 மி.மீ. என மூன்று அளவுகளுக்கு மாற்றக்கூடியது. எடை சுமார் 25 கிலோ என்பதால் இரண்டாகப் பிரித்து இரண்டு வீரர்கள் சுமப்பார்கள். எல்லைப் பாதுகாப்புப் படையிடம் இது இருக்கிறது. பதுங்குகுழியையும் வாகனத்தையும் உடைக்கும் வேலைக்கு இது சரி. .338 செய்யும் வேலை வேறு.

அப்போ 3.8 கி.மீ. சுட்டதெல்லாம்?

2009-ல் ஆப்கானிஸ்தானில் பிரிட்டன் வீரர் .338 லபுவாவில் 2,475 மீட்டர். 2017-ல் ஈராக்கில் கனடா வீரர் .50 ரைபிளில் 3,540 மீட்டர். 2023-ல் உக்ரைன் தரப்பு அறிவித்தது 3,800 மீட்டர். இந்த எண்களை வைத்துத்தான் சோஷியல் மீடியாவில் 'எந்த நாட்டு ரைபிள் பெருசு' என்று சண்டை நடக்கிறது.

ஆனால் 3,540 மீட்டரைக் கடக்க தோட்டாவுக்குக் கிட்டத்தட்ட 10 விநாடி ஆனது. அந்த 10 விநாடியில் காற்று ஒருமுறை மாறினாலே குறி போய்விடும். திறமையும் பொறுமையும் வாய்ப்பும் ஒன்றாகச் சேர்ந்த நிகழ்வுகள் இவை. இதை வைத்து எந்த ராணுவமும் ரைபிள் வாங்குவதில்லை. முதல் தோட்டாவே நம்பிக்கையாகப் படும் தூரம் எது என்பதைத்தான் பார்க்கும்.

சாமானியர் இதை வாங்க முடியுமா?

ஆயுதச் சட்டம் 1959-ன் கீழ் உரிமம் இல்லாமல் எந்தத் துப்பாக்கியும் வைத்திருக்க முடியாது. 2019 திருத்தத்துக்குப் பிறகு ஒருவர் வைத்துக்கொள்ளக்கூடிய துப்பாக்கிகள் மூன்றிலிருந்து இரண்டாகக் குறைந்தன. .303, 7.62 மி.மீ. போன்ற ராணுவத் தோட்டாவைச் சுடும் ரைபிள்கள் தடை செய்யப்பட்ட பிரிவில் வருகின்றன. விளையாட்டு வீரர்களுக்குத் தனி விதிகள் உண்டு. ஒலிம்பிக்கில் ரைபிள் போட்டிகள் 10 மீட்டர், 50 மீட்டர் தூரத்தில் நடக்கின்றன. உலக சாம்பியன்ஷிப்பில் 300 மீட்டர் பிரிவும் இருக்கிறது.

அடுத்து என்ன?

எல்லையில் 2021 பிப்ரவரி சண்டை நிறுத்த அறிவிப்புக்குப் பிறகும் ஸ்னைப்பர்களின் தேவை போய்விடவில்லை. புது ரைபிள் அறிவிப்புகள் இனியும் வரும். அப்போது 'எத்தனை கி.மீ. சுடும்' என்பதோடு இன்னும் மூன்று கேள்விகளையும் கேட்க வேண்டும். தோட்டா இந்தியாவில் தயாராகிறதா? ஸ்கோப்பும் கருவிகளும் அந்த விலைக்குள் இருக்கிறதா? ஒரு வீரருக்கு ஆண்டுக்கு எத்தனை தோட்டா பயிற்சிக்குக் கிடைக்கும்?

இந்த மூன்றுக்கும் பதில் இல்லாமல் வாங்கும் ரைபிள் அணிவகுப்பில் அழகாக இருக்கும். மலை உச்சியில் அதை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவருக்கு அது போதாது.